பையன் கிளம்புகிறான்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். அவரு இப்பதான் கீழ இறங்குனாரு, படியில பாக்கலையா? கம்பெனியிலேர்ந்து டைரக்டர் தம்பி வருது, வெறும் டீயையா குடுக்குறதுன்னு பஜ்ஜி வாங்கப் போயிருக்காரு. அந்தக் கடைக்காரன் இப்பதான் எண்ணெயே காய வெப்பான். இவருக்கும் நின்னு பேச ஒரு ஆள் கிடைச்சா போதும், உலகம் மறந்துரும். வர நேரமாகும். நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.

ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அவரு வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. முதல் டிராஃப்ட் எவ்வளவு நீளம் இருக்கணும்னு நீங்களே ஒரு கணக்கு சொல்லிடுங்க தம்பி. நூத்தி இருபது பக்கம். அதுக்கு மேல ஒரு பக்கம் இருந்தாலும் கம்பெனியில வாங்க மாட்டாங்கன்னு சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது. கட்டுனவ சொல்லி எந்த ரைட்டர் கேட்டிருக்கான்? நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க அவருக்குப் பையன் வயசுதான், ஆனாலும் தொழில்னு வந்துட்டா டைரக்டர் வாக்குதான் அவருக்கு வேதம். அதுல மட்டும் ஆளு சுத்தம்.

இவளுக்கு என்ன தெரியும்னு நினைக்காதீங்க. இந்த சாலிகிராமத்துல ஓடுன படம், ஓடாத படம், பூஜையோட நின்னுபோன படம், எல்லாத்துக்கும் டைப் அடிச்சவ நான். முன்ன டிடிபி சென்டர்ல இருந்தேன், இப்ப வீட்டுலயே. பேப்பர் நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் கண்ணுக்குத் தெரியிறது, வலது பக்கம் காதுக்குக் கேக்குறது. இப்பல்லாம் உங்க வயசுப் பசங்க வேற மாதிரி எழுதுறீங்க, நடுவுல நடுவுல வசனம் வருது. எனக்குக் கோடு இருந்தாத்தான் கை ஓடும். ஒரு பக்கம் ஒரு நிமிஷம். ரெண்டு மணி நேரப் படத்துக்கு நூத்தி இருபது. முதல் டிராஃப்ட்தானே, பின்னாடி குறைச்சுக்கலாம்னு இழுத்து எழுதுனவன் எவனும் குறைச்சதை நான் பாத்ததில்ல. ஒவ்வொரு வரியும் பெத்த புள்ள மாதிரி ஆயிடும், அப்புறம் எங்க குறைக்கிறது?

பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவ, நீளமா எழுதுனா எனக்குத்தானே லாபம்? அப்படியிருந்தும் சொல்றேன் பாருங்க.

இந்தக் கதையே எடுத்துக்குங்க. தண்ணி லாரி ஓட்டுற டிரைவர். ஒரு நாள் காலையில சைக்கிள்ல வந்த பையன் மேல வண்டிய ஏத்திடுறான். கேஸு, ஜெயிலு எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து அந்தப் பையன் வீட்டைத் தேடிக்கிட்டுப் போறான். அங்கேர்ந்துதான் கதை. உங்க புரொடியூசர்கிட்ட நரேஷன் பண்ணப்ப அவரு கண்ணைத் தொடச்சாராமே? இவரு வந்து சொன்னாரு. கதை சொல்றதுல இவரை அடிச்சுக்க ஆள் கிடையாது தம்பி. வாயால சொன்னா அந்தப் பையன் வர்ற பகுதி அஞ்சு நிமிஷம். பையன் வர்றான், நமக்குப் பிடிச்சுப்போகுது, அடிபடுறான், டிரைவர் மேல கேமரா. கேக்குறவன் அப்படியே உக்காந்துடுவான்.

பேப்பர்னு உக்காந்தாரு, கெட்டுது.

பையன் காலையில எந்திரிக்கிறான், ஒரு சீன். பையன் பல்லு விளக்குறான், ஒரு சீன். பல்லியப் பாத்துக்கிட்டே நுரையோட நிக்கிறான், அது ஒன்றரைப் பக்கம். ஒரு கை நகத்தை மட்டும் வெட்டிட்டு இன்னொரு கைய நாளைக்கு வெட்டிக்கிறேன்னு ஓடிடுறான், அது ஒரு சீன். டிரைவர் கதைக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்? இன்டர்வெல்லே வந்துடுச்சு தம்பி, லாரி இன்னும் தண்ணி பிடிக்கக்கூடப் போகலை. நான் டைப் அடிச்சுக்கிட்டே கேட்டேன், ஏங்க, டிரைவருக்கு டிரைவிங் லைசென்ஸாவது வாங்கிக் குடுத்துட்டீங்களா இல்லையான்னு. சிரிக்கலை மனுஷன்.

அந்த நகம் சமாச்சாரம் எல்லாம் குமணன் பண்றது. ஒரு கைதான் வெட்டிப்பான். மறுநாள் மறு கை. எதையும் ஒரே மூச்சுல முடிச்சா அவனுக்கு ஆகாது.

குமணன் எங்க பையன். அவரு சொல்லலையா உங்ககிட்ட? சொல்ல மாட்டாரு. கதைன்னா கதையாத்தான் போய் நிக்கணும், அழுது படம் வாங்கக் கூடாதும்பாரு. தண்ணி லாரிதான் தம்பி. இதோ, ஆற்காடு ரோட்டுல. ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தான். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இருந்தா உங்கள மாதிரிதான் தாடியும் கீடியுமா உக்காந்திருப்பான்.

நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. அதுக்காகச் சொல்லலை. நான் பேச வந்தது பக்கத்தைப் பத்தி.

நான் எதையும் இழுக்குற ஆள் இல்ல. அவன் போய் ஒரு மாசம் ஆகுறதுக்குள்ளயே சட்டை, புத்தகம், பள்ளிக்கூடப் பை எல்லாத்தையும் மூட்டை கட்டி ஆசிரமத்துக்குக் குடுத்துட்டேன். இவரு அவுட்டோர் ஷூட்டிங்ல இருந்தாரு. வந்து பாத்துட்டு அலமாரியத் திறந்து திறந்து மூடுனாரு. பின்ன என்னங்க, வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா திரும்பி வந்துடுமா? அழுறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. சமையல் கட்டு வேலையப் பாக்கணும், டைப் அடிக்கணும். நான் அப்படித்தான் எந்திரிச்சேன். இவருதான் இன்னும் எந்திரிக்கலை. இப்ப பேப்பர்ல உக்காந்துக்கிட்டாரு.

போன மாசம் இதே ஹால்ல டிஸ்கஷன். உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு அசிஸ்டென்ட் பசங்க வந்தாங்கல்ல, சஞ்சீவின்னு ஒரு பையன், சுறுசுறுப்பா இருப்பானே, அவனும் இன்னொருத்தனும். நான் டீ கொண்டாந்து வெக்கிறேன். சஞ்சீவி சொல்றான், "சார், பையன் இவ்வளவு நேரம் உயிரோட இருந்தா ஆடியன்ஸ் நெளிவான் சார். பத்தாவது நிமிஷம் தூக்கிடுவோம்."

இன்னொருத்தன், "டைட்டிலுக்கு முன்னாடியே தூக்கிடலாம் சார். டைட்டில் போட்டா லாரிதான்."

இவரு சொல்றாரு, "இல்லப்பா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"எதுக்கு சார்? அவன் செய்றது ஒண்ணும் பின்னாடி யூஸ் ஆகலையே? நகம் வெட்றான், அதுக்கு லீடு இருக்கா? பேசாம பையனையே காட்டாம விட்டா என்ன? வெறும் சைக்கிள் சத்தம். முடிஞ்சுது."

அந்தப் பசங்க மேல தப்பு இல்ல தம்பி. அவங்களுக்குத் தெரியாது. இவருதான் வாயத் திறக்கலையே. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, "கொஞ்ச நேரம்ப்பா, கொஞ்ச நேரம்தான் கேக்குறேன்"னு அந்தச் சின்னப் பசங்ககிட்ட கெஞ்சுறாரு. எனக்குப் பொறுக்கலை. ஒரு காலத்துல டிஸ்கஷன்ல உக்காந்தா கத்தரிக்கோல் மாதிரி வெட்டுற ஆளு. நான் சொன்னேன், "தம்பி சொல்றது சரிதானே. பையனை எடுத்துடுங்க. படம் நிக்கும்."

அவரு என்னைப் பாத்தாரு. கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாரு.

அவங்க போனதும் கேட்டாரு, "நீயும் அதத்தான் சொல்றியா புனிதா?"

"படம் வேணுமா, வேணாமா?"ன்னு கேட்டேன்.

"வேணும்"னாரு. போய்ப் படுத்துக்கிட்டாரு. மறுநாள் டைப் அடிக்கக் குடுத்த பேப்பரைப் பாத்தா, பையன் மாடியில பட்டம் விடுறான். புது சீன்! கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, இது ஒண்ணையும் அவரு கண்ணால பாத்ததில்ல. குமணன் பொறந்தப்ப பொள்ளாச்சியில இருந்தாரு. நடக்க ஆரம்பிச்சப்ப ராஜமுந்திரி. பல்லு விழுந்தப்ப எங்கயோ ஒரு காடு, போனே எடுக்கலை. அப்ப அவரு கோ-டைரக்டர். கோ-டைரக்டர்னா அப்படித்தானே, யூனிட்டுக்கு முன்னால போயி யூனிட்டுக்குப் பின்னால வரணும். பல்லி, நகம், பட்டம் எல்லாம் நான் போன்ல சொன்னது. ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆனதும் கூப்பிடுவாரு. "இன்னிக்கு என்ன பண்ணான், சொல்லு"ம்பாரு. நான் சொல்வேன். அவரு அந்தப் பக்கம் சிரிப்பாரு, பக்கத்துல இருக்குற லைட்மேனுக்கும் சொல்வாரு. நான் சொன்னதையே எனக்கு எழுதிக் குடுத்து, நானே டைப் அடிக்கிறேன். ஒரு வார்த்தை மாறலை. எப்பவோ சொன்னது, எனக்கே மறந்துபோனது, அப்படியே வெச்சிருக்காரு மனுஷன்.

சரி, அதுகூடப் போகட்டும். முட்டுக்கட்டை ஒரு சீன்லதான் நிக்குது. அதை மட்டும் நீங்க தீர்த்து வெச்சுட்டா போதும்.

தலைப்பு மட்டும் எழுதியிருக்காரு. 'வீடு. காலை.' கீழ கோடு. ரெண்டு பக்கமும் காலி. அதாவது பையன் வீட்டை விட்டுப் போற சீன். அது முடிஞ்சாத்தானே ரோடு, அதுக்கப்புறம்தானே லாரி? அதை எழுத மாட்டேங்குறாரு. "நான் இல்ல புனிதா, நீதான் இருந்த. நீ சொல்லு, எழுதுறேன்"ங்குறாரு. நான் சொன்னேன், அதுல சொல்ல என்ன இருக்கு, கதைதானே, உங்க இஷ்டத்துக்கு எழுதுங்கன்னு. மாட்டேங்குறாரு. நானே இடது பக்கம் ஒரு வரி அடிச்சுட்டேன். 'பையன் கிளம்புகிறான்.' போதாதா? டைரக்டர் நீங்க, சொல்லுங்க. ஆர்ட்டிஸ்ட் வாசலைத் தாண்டப் போறான், அவ்வளவுதானே? அவரு பேனாவால அடிச்சுட்டாரு. நான் மறுபடி அடிச்சேன். அவரு மறுபடி அடிச்சாரு. இப்படியே போயிக்கிட்டிருக்கு. அந்த சீனை அவரு கேட்டு நான் சொல்லலைன்னா அதுக்கு முன்னால இன்னொரு சீன் எழுதிச் சேக்குறாரு. பட்டம் அப்படி வந்ததுதான். நேத்து என்னடான்னா காய்ச்சல்ல படுத்திருக்கான், கஞ்சி வேணாங்குறான். இப்படியே போனா முதல் டிராஃப்ட் எப்பங்க முடியும்? உங்க கம்பெனி எத்தனை நாள் பொறுக்கும்? வேற கதைய ஓகே பண்ணிட்டாங்கன்னா இந்த மனுஷனுக்கு அப்புறம் எந்திரிக்கத் தெம்பு இருக்காது. அதனாலதான் உங்க காலைப் பிடிக்காத குறையா கேக்குறேன். நூத்தி இருபதுன்னு சொல்லிடுங்க. அந்த ஒரு வரி போதும்னு சொல்லிடுங்க.

என்ன கேக்குறீங்க?

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா? ஒண்ணும் நடக்கலை தம்பி. அதத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன். சனிக்கிழமை. அவரு காரைக்குடியில ஷூட்டிங். எனக்கு அவசர வேலை, மத்தியானத்துக்குள்ள ஒரு படத்தோட கிளைமாக்ஸ் அடிச்சுக் குடுக்கணும். இதோ இதே மேஜை, ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கேன். வாசல் எனக்கு முதுகுப் பக்கம். அவனுக்குக் கணக்கு டியூஷன். கிளம்புனான். அவ்வளவுதான். ஒரு வரி.

தோசை சாப்பிட்டான்னு வேணா போட்டுக்கலாம். சுத்தி இருக்குற முறுவலை மொதல்ல பிச்சுத் தின்னுட்டு, நடுவுல மெத்துனு இருக்கறதைக் கடைசிக்கு வெப்பான். அதை இவருகிட்ட நான் சொன்னதே இல்லன்னு நினைக்கிறேன். தினம் பாக்குறது, இதெல்லாம் போன்ல சொல்லணும்னு தோணுமா? தோசை சாப்பிட்டான். கொத்தமல்லிச் சட்னி. கை கழுவப் போனான். கழுவுனானோ, தண்ணியில விளையாடுனானோ, குழாய் ரொம்ப நேரம் ஓடுச்சு. "குழாய மூடுறா"ன்னேன். மூடுனான்.

அப்புறம் கீழ போனான், சைக்கிள்ல காத்து இல்லன்னு மேல வந்தான். கீழ் வீட்டுல பம்ப் வாங்கி அடிச்சான். ஜன்னல் வழியா அந்தச் சத்தம் கேட்டுச்சு, புஸ் புஸ்ஸுன்னு. இதோ இந்த ஜன்னல்தான். எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மறுபடி மேல வந்தான், ஜாமெட்ரி பாக்ஸை விட்டுட்டானாம். எடுத்தான். போக வேண்டியதுதானே? போகலை. என் பின்னால வந்து நின்னான். கழுத்துல மூச்சு படுது, சட்னி வாசனை அடிக்குது. ஸ்கிரீனைப் பாத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "அம்மா, இதுல கடைசியில யாரும்மா ஜெயிப்பாங்க?"ன்னான்.

"நேரமாச்சு, கிளம்பு"ன்னேன்.

எல்லா அம்மாவும் சொல்றதுதானே? நீங்க இன்னிக்கு வீட்டை விட்டு வர்றப்ப உங்கம்மா சொல்லலையா? சொல்லியிருப்பாங்க. டைப் அடிக்கிறப்ப திரும்புனா வரி விட்டுப்போயிடும் தம்பி. யாரா இருந்தாலும் திரும்ப மாட்டாங்க. நான் திரும்பலை.

இவரு என்ன கேக்குறாருன்னா, மூஞ்சி எப்படி இருந்துச்சு, சிரிச்சானா, தலை சீவியிருந்தானா, வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தானா. ரைட்டராச்சே, அவருக்கு எல்லாம் வேணும். நான் என்னத்தச் சொல்ல? சட்டை கலர்கூட அப்புறம் ஆஸ்பத்திரியில பாத்துத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் எழுத என்கிட்ட ஒண்ணுமே இல்ல தம்பி. வலது பக்கம்தான் இருக்கு. காதுல கேட்டது மட்டும்தான். பத்து வருஷமா அந்த மனுஷன் நினைச்சுக்கிட்டிருக்காரு, நம்ம பாக்கலை, அவ பாத்தாளே, அவகிட்ட இருக்கு, என்னிக்காவது குடுப்பான்னு. அவருகிட்ட போய் நான் எப்படிச் சொல்லுவேன்? அவரு ஊர்ல இல்லாம பாக்கலை. நான் வீட்டுலயே இருந்து பாக்கலை.

அதான் ஒரு வரி அடிச்சேன்.

இல்ல, நீங்க பேனாவை வையுங்க, இது எழுத இல்ல. தண்ணி வேணாம் எனக்கு. ஆமா, தண்ணி. தண்ணி குடிச்சான். நேரமாச்சுன்னு சொன்னதுக்கு அப்புறமும் போயி தண்ணி குடிச்சான். பானை மூடி சத்தம், சொம்பு சத்தம். மடக் மடக்குன்னு குடிப்பான், குடிச்சுட்டு ஹான்னு மூச்சு விடுவான், ஏதோ பாலைவனத்துலேர்ந்து வந்தவன் மாதிரி. அதுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு, இருங்க. என் பின்னால நின்னப்ப நாற்காலிய ஒரு சுத்து சுத்தப் பாத்தான். நான் காலை ஊணிக்கிட்டேன். "விடுறா"ன்னேன். சிரிச்சான். சிரிச்சான் தம்பி, சத்தம் கேட்டுச்சு! முகம் பாக்கலைன்னாலும் சிரிச்சது நிச்சயம். இதை நான் இத்தனை நாளு நினைக்கவே இல்ல பாருங்க.

என்னங்க, எப்ப வந்தீங்க?

எவ்வளவு நேரமா அங்க நிக்கிறீங்க? வாசல்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. பொட்டலத்தைத் தம்பிகிட்ட குடுங்க, எண்ணெய் ஒழுகுது பாருங்க. கையத் துடைங்க. துடைச்சுட்டு அந்த சீன் பேப்பரை எடுங்க. அதான், காலியா வெச்சிருக்கீங்களே அது. அழாதீங்க, பேப்பர் நனைஞ்சா நான் எப்படி டைப் அடிக்கிறது? இடது பக்கத்தை விட்டுடுங்க. அங்க ஒண்ணும் எழுதாதீங்க. வலது பக்கம் மட்டும் எழுதுங்க, நான் மெதுவாச் சொல்றேன்.

தம்பி, நூத்தி இருபதுன்னு நான் கேட்டதை இவருகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. அது எவ்வளவு போகுதோ போகட்டும். நீங்க பஜ்ஜி சாப்பிடுங்க.

மொதல்லேர்ந்து எழுதுங்க. குழாய் சத்தம். எழுதிட்டீங்களா? அவசரமே இல்ல. நேரம் இருக்கு. அவன் இன்னும் கிளம்பலை.